பழைய பிக்கப்: ஏற்றத்தில் கொதிக்கிறது, சமவெளியில் டீசல் குடிக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

கீழ்மலைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2009 மாடல் பொலிரோ பிக்கப், 2523 சிசி டிஐ என்ஜின். மூன்றாவது கையாக வாங்கி மூன்று வருடம் ஆகிறது. மீட்டரில் 2,80,000 தாண்டிவிட்டது. வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடிக்கு உரமும் கோழித் தீவனமும் ஏற்றிப் போவேன். இறங்கும்போது மலை வாழையும் சௌசௌவும் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வரும். வாரத்தில் இரண்டு நாள் சந்தையிலிருந்து திருச்சூருக்குக் காய்கறி லோடு.

மலை ஏறும்போது பாதி வழியிலேயே வெப்பம் காட்டும் முள் சிவப்புக்கு வந்துவிடுகிறது. இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டுத்தான் மேலே போகிறேன். ஆனால் சமவெளியில் அதே முள் கால் பங்கைக்கூடத் தொடுவதில்லை. ஒரே வண்டிக்கு மேலே காய்ச்சல், கீழே குளிர். மைலேஜ் 8.5. வண்டியை விற்றவர் 12 கிடைக்கும் என்றார்.

இன்னும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு பட்டறையில், நம் ஊர் வெயிலுக்கு இது வேண்டாம் என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டார்கள். ரேடியேட்டருக்கு ஊற்றுவது வீட்டு போர்த் தண்ணீர்.

இப்போது இன்னொரு பட்டறையில் பெரிய ரேடியேட்டரும் எலக்ட்ரிக் ஃபேனும் போட 40,000 கேட்கிறார்கள். பணத்தைக் கட்டும் முன் உங்களிடம் கேட்கலாம் என்று எழுதுகிறேன். பதினைந்து வருடத்துக்கு மேல் உழைத்த வண்டி, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரியாகப் பார்த்துக்கொள்ளாதது நாங்கள்தான்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, 40,000 ரூபாயை இப்போதைக்கு வெளியே எடுக்க வேண்டாம். நாளைக் காலை, என்ஜின் ராத்திரி முழுக்க ஆறியிருக்கும்போது இவற்றைப் பார்த்து எழுதுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வருகிறதா? ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட்டை, அதாவது என்ஜினின் மேல் பாகத்துக்கும் அடிப் பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்பானைச் சந்தேகப்பட வேண்டும். அப்படியானால் மற்ற செலவெல்லாம் வீண். ஆயில் குச்சியில் பால் நிறம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஃபேன் நேரடியாகப் பெல்ட்டில் ஓடுகிறதா, நடுவில் விஸ்கஸ் கப்ளிங் (சூட்டைப் பொறுத்து ஃபேனைச் சுற்றவிடும் இணைப்பு) இருக்கிறதா? ஃபேனைச் சுற்றி பிளாஸ்டிக் கூடு இருக்கிறதா? தண்ணீர் என்ன நிறம்? ஆக்சிலரேட்டரை அழுத்தினால் புகை என்ன நிறம்? பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு சக்கரத்தின் நடுவிலும் கையைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், எது அதிகமாகச் சுடுகிறது?

சூடான என்ஜினில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். என் பட்டறையில் ஒரு பையனுக்கு முகம் வெந்ததைப் பார்த்தவன் நான்.

கரூர் டிப்பர்:
தெர்மோஸ்டாட் இல்லாததெல்லாம் ஒரு காரணமா? நான் பத்து வருடமாக வால்வு இல்லாமல்தான் ஓட்டுகிறேன், ஒரு தடவைகூடக் கொதித்ததில்லை. வால்வு இருந்தால்தான் ஒருநாள் அடைத்துக்கொண்டு என்ஜினைச் சாகடிக்கும்.

ஐடிஐ வாத்தியார்:
கரூர் நண்பர் சொல்வதை நான் மறுக்கிறேன். பல பேர் இதே நம்பிக்கையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என்ஜினுக்குள் தண்ணீர் போக இரண்டு வழி உண்டு. ஒன்று ரேடியேட்டர் வழி. இன்னொன்று ரேடியேட்டரைத் தொடாமல் தண்ணீர் பம்புக்கே திரும்பும் குறுக்கு வழி. பல என்ஜின்களில் தெர்மோஸ்டாட் இரண்டுக்கும் காவல்காரன். குளிராக இருக்கும்போது ரேடியேட்டர் வழியை மூடும். சூடானதும் அதைத் திறந்துவிட்டு, தன் அடியில் உள்ள இன்னொரு தட்டால் குறுக்கு வழியை மூடும். இதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். ஏற்றத்தில் என்ஜின் திணறும் நேரத்தில், சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பி என்ஜினுக்குள் நுழைகிறது. கீழ்மலைக்காரர் சொன்ன காய்ச்சலும் குளிரும் இந்த ஒரு காரணத்திலேயே வரக்கூடும்.

சமவெளியில் கதை வேறு. அங்கே வேலை குறைவு, சூடும் குறைவு, ரேடியேட்டரோ எப்போதும் குளிர வைத்துக்கொண்டே இருக்கிறது. 60 டிகிரியில் ஓடும் டீசல் என்ஜினில் ஆயில் கெட்டியாக இருக்கும், எரிப்பும் முழுமையாக நடக்காது. முள் கீழே இருப்பதைப் பார்த்து என்ஜின் நலமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். அந்த நலத்துக்கும் டீசல்தான் செலவாகிறது.

ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் ஆற்றல் உண்டு. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சக்கரத்தைச் சுற்றும், ஒரு பங்கு சைலன்ஸர் வழியே போகும், ஒரு பங்கு ரேடியேட்டர் வழியே போகும். அதனால் மைலேஜும் கொதிப்பும் இரண்டு தனிப் பிரச்சினைகள் அல்ல. அதே வேலைக்கு அதிக டீசல் எரித்தால், அந்த அதிகச் சூட்டையும் அதே ரேடியேட்டர்தான் சுமக்க வேண்டும். எங்கே டீசல் வீணாகிறது என்று தேடினால் கொதிப்புக்கும் பாதி விடை கிடைக்கும்.

ஏற்றத்துக்கு ஒரு கணக்கு போடலாம். லோடோடு வண்டி 2700 கிலோ, ஏறும் உயரம் 1000 மீட்டர் என்று வைப்போம். தூக்குவதற்கு மட்டும் 26.5 மெகாஜூல் வேண்டும். என்ஜின் திறன் 30 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை லிட்டர் டீசல். இதை எந்த மெக்கானிக்காலும் குறைக்க முடியாது. ஆனால் அளவுக்கு மேல் 700 கிலோ ஏற்றினால், உயரத்துக்கு மட்டுமே இன்னும் 0.6 லிட்டர் சேரும். அந்த லிட்டரின் சூடும் ரேடியேட்டரில்தான் இறங்கும். நீங்கள் எவ்வளவு ஏற்றுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கரூர் டிப்பர்:
சார், குறுக்கு வழி விஷயம் எனக்குப் புதிது. என் வண்டி ஓடுவது முழுக்கச் சமவெளி, அதனால் கொதிப்பு தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் முள் எப்போதும் கீழேயேதான் கிடக்கும், அது உண்மை. வால்வு அடைத்துக்கொள்ளும் பயத்துக்கு என்ன பதில்?

ஐடிஐ வாத்தியார்:
பயம் நியாயமானது. மாட்டும் முன் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடு பண்ணுங்கள். வால்வின் மேலேயே டிகிரி பொறித்திருக்கும், பல டீசல் என்ஜின்களுக்கு 82. அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் முழுவதும் திறந்துவிட வேண்டும். சமையலறையிலேயே சோதிக்கலாம். உப்புத் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் அது பல வருடம் உழைக்கும்.

கீழ்மலைக்காரன்:
ஸ்பேனர் ஐயா சொன்னபடி காலையில் பார்த்தேன். குமிழி இல்லை, ஹோஸ் இறுகவில்லை, ஆயிலும் சுத்தம். தண்ணீர் செங்கல் கரைத்த நிறத்தில் இருக்கிறது. ஃபேன் நேரடிப் பெல்ட், விஸ்கஸ் இல்லை. ஃபேனைச் சுற்றிக் கூடு இல்லை, திருகு ஓட்டை மட்டும் இருக்கிறது. முன்பு வைத்திருந்தவர் கழற்றிப் போட்டிருக்க வேண்டும். அழுத்தினால் கரும்புகை. பின்பக்கம் இடது சக்கரத்தின் பிரேக் டிரம் மட்டும் கை வைக்க முடியாதபடி சுடுகிறது.

ஒரு லேசர் தெர்மாமீட்டர் கடன் வாங்கி ஏற்றத்தில் நிறுத்தி அளந்தேன். மேல் ஹோஸ் பக்கம் 103, கீழ் ஹோஸ் பக்கம் 68.

பழைய ஸ்பேனர்:
35 டிகிரி வித்தியாசமா! ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஊர்ந்துதான் போகிறது தம்பி. நல்ல ஓட்டம் இருந்தால் மேலுக்கும் கீழுக்கும் பத்து டிகிரி பக்கத்தில்தான் இருக்கும். வித்தியாசம் மிகக் குறைவாக இருந்து இரண்டும் சூடாகவே இருந்தால் காற்று போதவில்லை என்று அர்த்தம். உங்களுக்குக் குழாய் அடைப்பு. போர்த் தண்ணீரின் உப்பு கெட்டிலில் படிவது போல உள்ளே படிந்திருக்கும். ஒரு விஷயம், பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி தப்பாகக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் அளந்து பாருங்கள்.

உங்கள் ரேடியேட்டர் பித்தளையா, அலுமினியமா? பித்தளை என்றால் மேல் தொட்டியின் பற்றவைப்பை உருக்கிக் கழற்றி, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பி விட்டு ராடு அடிக்கலாம். இது நல்ல கையில் நடக்க வேண்டிய வேலை, அவசரப்படுத்தாதீர்கள். அலுமினியம், பிளாஸ்டிக் தொட்டி என்றால் ராடு அடிக்க முடியாது. அப்போது பழைய அளவிலேயே புதியது வாங்குங்கள். பெரியது தேவையில்லை. கம்பெனி போட்ட அளவு, கூடும் மூடியும் சரியாக இருக்கும்போது இந்த மலைக்குப் போதும். இதே மலையில் இதே வண்டிகள் நிறுத்தாமல் ஏறுவதைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

கூட்டை லேசாக நினைக்காதீர்கள். மலையில் நீங்கள் இரண்டாவது கியரில் 15, 20 வேகத்தில் போகிறீர்கள். எதிர்க்காற்று என்று ஒன்றும் கிடையாது, ஃபேன் இழுக்கும் காற்றுதான் எல்லாம். கூடு இல்லாத ஃபேன், என்ஜின் பக்கத்துச் சூடான காற்றையே இறக்கை ஓரத்தில் சுற்றிச் சுற்றி அடிக்கும். ரேடியேட்டரின் நடுவில் ஒரு வட்டத்தில் மட்டும் காற்று போகும், நான்கு மூலையும் சும்மா இருக்கும். கூடு மாட்டிய பிறகு ரேடியேட்டரின் பக்கத்து இடைவெளிகளில் பஞ்சு ரப்பர் வைத்து அடைத்துவிடுங்கள்.

அப்புறம் மூடி. அதில் உள்ள ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் தண்ணீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். ஒரு பார் அழுத்தம் பிடித்தால் 120 வரை தாங்கும். மேலே 1500 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி தளர்ந்த வண்டி மலையில் முதலில் தோற்பது இதனால்தான். மூடியின் மேல் எழுதியிருக்கும் அதே எண்ணில் புதியது வாங்குங்கள். பலம் கூடியது போட்டால் பழைய ஹோஸ் வெடிக்கும்.

கீழ் ஹோஸைப் பார்க்காமல் விடாதீர்கள். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. உள்ளே இருக்கும் சுருள் கம்பி துருப்பிடித்துப் போயிருந்தால், என்ஜின் வேகம் ஏறும்போது ஹோஸ் சப்பி ஓட்டத்தை நிறுத்திவிடும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் தெரியாது.

எலக்ட்ரிக் ஃபேன் இந்த வண்டிக்கு வேண்டாம். நேரடி ஃபேன் கொஞ்சம் சக்தியைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் ஏற்றத்தில் உங்களுக்கு முழுக் காற்றும் வேண்டும். மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டரும் பழைய வயரும் அந்தச் சுமையைத் தாங்குமா என்ற கவலையை எதற்கு மலைமேல் சுமக்க வேண்டும்?

அந்த இடது டிரம்மையும் கழற்றுங்கள். பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர் இறுகி, பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அது நேராக டீசலைத் தின்கிற நோய்.

மின்னல்வேகம்:
டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, யாராவது போட்டுப் பார்த்தீர்களா?

ஐடிஐ வாத்தியார்:
வேண்டாம் நண்பரே. காந்தம் டீசலை எதுவும் செய்யாது. அந்தப் பணத்துக்கு ஏர் ஃபில்டர் வாங்குங்கள்.

பொள்ளாச்சி லைன்:
மலையைப் பற்றியே பேசுகிறோம். அண்ணன் வாரம் இரண்டு முறை திருச்சூர் போகிறார், அதையும் பார்ப்போம். நானும் அதே பாதையில் ஓட்டுகிறவன். பழனி, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு. ஆனியும் ஆடியும் வந்தால் பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று நேராக நம் முகத்தில் அடிக்கும். உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது இந்தக் காற்றுக்காகத்தான். நாம் லோடோடு போவது மேற்கே, அதாவது காற்றை எதிர்த்து. காலியாகத் திரும்பும்போது காற்று பின்னால் தள்ளும். லோடும் காற்றும் ஒரே திசையில் எதிரி.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். வைகாசியில் கொடுத்த மைலேஜ் ஆடியில் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை குறையும். முதல் வருடம் இது தெரியாமல் டீசல் பம்ப் பழுது பார்ப்பவரிடம் போய் நின்றேன். பிறகு இரண்டு காரியம் செய்தேன். தார்ப்பாயைப் பெட்டிகளின் மேல் இறுக்கி, முன்பக்கம் கேபின் உயரத்துக்குச் சரிவாக வருகிற மாதிரி கட்டினேன். முன்பு அது பாய்மரம் மாதிரி உப்பிப் படபடவென்று அடிக்கும். இரண்டாவது, வேகத்தை 75-லிருந்து 60-க்கு இறக்கினேன். காற்று பலமான நாட்களில் நடுராத்திரிக்கு மேல் கிளம்புகிறேன், அப்போது கொஞ்சம் தணிந்திருக்கும்.

டயர் காற்றை லோடு ஏற்றும் முன், டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அளவுதான் கணக்கு, காற்று பிடிப்பவர் சொல்வது அல்ல. கேபினுக்கு மேலே கேரியர் இருந்தால், வேலை இல்லாத நாளில் கழற்றிவிடுங்கள்.

ஐடிஐ வாத்தியார்:
பொள்ளாச்சி நண்பர் சொன்னதற்குக் கணக்கும் ஒத்துப்போகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வண்டி 60, எதிர்க்காற்று 30 என்றால், வண்டியின் மேல் மோதுவது 90 கிலோமீட்டர் காற்று. தடை இரண்டேகால் மடங்கு.

கீழ்மலைக்காரன்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ரேடியேட்டர் பித்தளைதான். திண்டுக்கல்லில் ஒரு பெரியவர் ராடு அடித்துக் கொடுத்தார். உள்ளே இருந்து வந்த படிவைத் தட்டில் போட்டுக் காட்டினார், ஒரு கைப்பிடிக்கு மேல் இருந்தது. நடுவில் சில குழாய்கள் முழுவதும் அடைத்திருந்தன. எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது. மூன்று வருடமாக நான் ஊற்றிய தண்ணீர் அது.

82 டிகிரி தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பில் சோதித்து மாட்டினேன். புது மூடி, புதுக் கீழ் ஹோஸ், பாதி கூலன்ட் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர். கூடு புதிதாகக் கிடைக்கவில்லை, பழைய சாமான் கடையில் தேடி 700 ரூபாய்க்கு எடுத்தேன். இடது டிரம்மில் ஐயா சொன்ன மாதிரியே வீல் சிலிண்டர் இறுகிக் கிடந்தது.

சமவெளியில் முள் இப்போது பாதிக்குக் கொஞ்சம் கீழே நிலையாக நிற்கிறது. ஏற்றத்தில் ஒரே ஒரு முறை முக்கால் வரை போனது, நிறுத்தவில்லை. கறுப்பு டேப் ஒட்டி அளந்தேன், மேல் ஹோஸ் 95, கீழ் ஹோஸ் 84. ஒரே பெட்ரோல் பங்கில், டேங்க் நிறைய அடித்து மறுபடி நிறைய அடித்துக் கணக்குப் பார்த்தேன். மைலேஜ் 9.8. ஆனால் கரும்புகை அப்படியே இருக்கிறது.

ஐடிஐ வாத்தியார்:
மகிழ்ச்சி. கரும்புகை என்பது எரியாத டீசல். காற்று குறைவாக இருக்கலாம், டீசல் அதிகமாக இருக்கலாம், தூவல் கெட்டிருக்கலாம். முதலில் ஏர் ஃபில்டர், பிறகு டேப்பெட் இடைவெளி, அதாவது என்ஜின் வால்வுகளின் இடைவெளி. அதன்பின் டீசலைத் தூவும் நாசில்களைக் கழற்றிச் சோதனைக்குக் கொடுங்கள். நல்ல நாசில் மூடுபனி போலத் தூவும். தேய்ந்தது நூல் போல ஒழுகும். டீசல் பம்பையும் அதே இடத்தில் சோதனை மேடையில் ஏற்றி அளக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம். இழுவை கூட வேண்டும் என்று யாராவது பம்பின் அளவுத் திருகைத் திருகியிருக்கலாம். சீல் உடைந்திருந்தால் அதுதான். இழுவை கூடிய மாதிரி தோன்றும், ஆனால் கூடுதல் டீசல் புகையாகவும் சூடாகவும்தான் போகும். அதை நீங்களே கையால் திருப்பிச் சரி செய்ய முயல வேண்டாம். மேடையில் அளந்துதான் வைக்க வேண்டும்.

ஏற்றத்தில் கியரை எப்போது மாற்றுகிறீர்கள்? மூன்றாவதில் என்ஜின் முக்கி முனகும்வரை வைத்திருந்தால் இரண்டு கெடுதல். சூடு அதிகம், ஆனால் தண்ணீர் பம்பும் ஃபேனும் என்ஜின் வேகத்தில்தான் சுற்றுவதால் குளிர்ச்சி குறைவு. முனகத் தொடங்கும் முன்பே இரண்டாவதுக்கு இறங்கி, பாதி அழுத்தத்தில் ஏறுங்கள். வேகம் ஐந்து கிலோமீட்டர் குறையும், முள்ளும் இறங்கும்.

காப்பித்தோட்டம்:
நான் தாண்டிக்குடிக்காரி. கீழ்மலைக்காரன் அண்ணே, இறங்கும்போது நியூட்ரலில் விடுகிறீர்களா? எங்கள் ஊர் டிரைவர்கள் பாதிப் பேர் டீசல் மிச்சம் என்று அப்படித்தான் வருகிறார்கள். போன மழைக்காலத்தில் எங்கள் தோட்டத்து லோடோடு வந்த வண்டி ஒன்று பிரேக் பிடிக்காமல் மண் மேட்டில் மோதி நின்றது. உயிர் தப்பியது மேட்டின் புண்ணியம்.

பழைய ஸ்பேனர்:
அம்மா சொல்வதை எல்லோரும் படிக்க வேண்டும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில்தான் இறங்க வேண்டும். கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது. பழைய டீசல் பம்பிலும் கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாடு டீசலை நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால்தான் என்ஜின் ஐடிலில் ஓட டீசல் வேண்டும். மிச்சம் என்று நினைத்துச் செய்வது செலவு, பிரேக்கும் வெந்துபோகும்.

கீழ்மலைக்காரன்:
அக்கா, உண்மையைச் சொல்கிறேன், கடைசி நாலைந்து வளைவில் நானும் நியூட்ரலில் விட்டிருக்கிறேன். நிறுத்திவிட்டேன்.

நாசில் நான்கில் இரண்டு ஒழுகின. பம்பின் சீல் உடைந்துதான் இருந்தது. மேடையில் வைத்துச் சரி செய்ய எல்லாம் சேர்த்து 9,000 ஆனது. முதலில் இருந்து மொத்தச் செலவு 16,000-க்குள். இப்போது ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் இரண்டாவதில் முன்பே இறங்கிவிடுவதால் நேரம் முன்பைவிடக் குறைவாகத்தான் ஆகிறது. ஆறவைக்க நிறுத்துவதே இல்லையே.

நேற்று 30 மூட்டை உரத்தோடு ஏறினேன். முன்பு 40 ஏற்றுவேன். முள் பாதிக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். ஆடிக் காற்றிலும் திருச்சூர் போய்வந்த கணக்கு 11.2. தார்ப்பாயைப் பொள்ளாச்சி நண்பர் சொன்ன மாதிரி கட்டினேன், படபடப்புச் சத்தம் இல்லாமல் கேபினில் பேச முடிகிறது.

கரூர் டிப்பர்:
கூடு எடுத்த கடை திண்டுக்கல்லிலா? வால்வு மாட்டலாம் என்று நானும் ஞாயிற்றுக்கிழமை என்ஜினைத் திறக்கிறேன். எனக்கும் கூடு பாதி உடைந்திருக்கிறது.

கீழ்மலைக்காரன்:
ஆமாம் அண்ணே. உங்கள் ரேடியேட்டரின் அகலமும் திருகு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரமும் அளந்து அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போகிறேன், பார்த்துச் சொல்கிறேன். இறக்கைக்கும் கூட்டுக்கும் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். எனக்கு முதலில் ஒரு பக்கம் உரசியது, வாஷர் வைத்துச் சரி செய்தேன்.